விடுதி யாருக்காக?



சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? தொழிற்சாலைப் பலகைகளுக்கு நடுவே பள்ளிக்கூட விளம்பரங்களும் எட்டிப் பார்க்கும். சர்வதேச உறைவிடப் பள்ளியாம்! நீச்சல் குளம், குதிரையேற்றம், ஏ.சி. போட்ட விடுதி... 'நமக்கு இப்படி ஒரு பள்ளி கிடைக்காதா' என்று ஏக்கம் வரத்தான் செய்யும். குதிரை என்றதும் எனக்கே ஆசை வந்துவிட்டது!

அது இருக்கட்டும். பள்ளிக்கூடத்தோடு விடுதி ஏன் வந்தது தெரியுமா?

ஊட்டி அருகே லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளி 1858-ல் தொடங்கியது. ஆங்கிலேயப் படையில் இருந்த சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டது அது. கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி 1901-ல் தொடங்கியபோது அங்கே இருந்தவர்கள் 13 பேர்தான். ஓட்டலாக இருந்த இடத்தில் வகுப்பு நடந்தது. சமவெளியில் ஊர் ஊராகப் பணி செய்த அமெரிக்கப் பாதிரிமார்களின் பிள்ளைகள் அவர்கள். அதே பள்ளிதான் 1976-ல், ஐ.பி. என்னும் சர்வதேசப் பாடத்திட்டத்தை இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்தது.

அப்பா அம்மாவின் வேலை ஓரிடம், பிள்ளையின் படிப்பு ஓரிடம். அதனால்தான் விடுதி தேவைப்பட்டது. நீச்சல் குளமெல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை.

இப்போது நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே வாருங்கள். செங்குன்றம், பெரியபாளையம் பக்கம் செங்கல் சூளைகள் நிறைய. அங்கே வேலை செய்பவர்களில் ஏராளமானோர் ஒடிசா மாநிலத்தின் பலாங்கீர், நுவாபடா போன்ற மாவட்டங்களிலிருந்து வருபவர்கள். அங்கே அறுவடை முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ரயிலேறுவார்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் ஊர் திரும்புவார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் வீட்டில் எத்தனை கை உண்டோ அத்தனையும் வேலைக்கு வரும். காயப்போட்ட பச்சைக் கல்லைத் திருப்பிப் போடும் கை, சில நேரம் உங்கள் வயதுப் பிள்ளையின் கை.

அந்தப் பிள்ளைக்கு ஊரில் பள்ளி உண்டு. ஆனால் ஆண்டின் நடுவிலேயே கிளம்பிவிட வேண்டும். இங்கே வந்தால் கரும்பலகையில் இருப்பது தமிழ். அவனுக்கு நம் பஞ்சாயத்துப் பள்ளியே வெளிநாட்டுப் பள்ளி மாதிரிதான்!

இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஒடிசாவில் பருவகால விடுதிகள் நடத்துகிறார்கள். பெற்றோர் சூளைக்குப் போகும் மாதங்களில் பிள்ளைகள் அங்கேயே தங்கி, சொந்த ஊர்ப் பள்ளியில் படிக்கலாம். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் 2010-களில், ஒடிசாவிலிருந்து ஒடியா மொழிப் பாடநூல்களை வரவழைத்து, அந்த மொழி தெரிந்தவர்களைக் கொண்டே சூளைப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தார்கள்.

எது நல்லது? ஆறு வயதுக் குழந்தை ஆறு மாதம் அம்மாவைப் பார்க்காமல் இருப்பது சுலபமா, நீங்களே சொல்லுங்கள். சின்னவர்களுக்குச் சூளை அருகே வகுப்பும், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊரில் விடுதியும்தான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் விடுதி என்றால் நாலு சுவரும் ஒரு பாயும் போதாது. வயிறார இரவுச் சாப்பாடு, படிக்க நல்ல விளக்கு, காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஓர் அக்கா, வாரம் ஒருமுறையாவது அம்மாவோடு போனில் பேச வசதி, இவை வேண்டும். குதிரை இல்லாவிட்டால் பரவாயில்லை.

6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசக் கல்வி உரிமை என்று 2009-ல் சட்டமே வந்துவிட்டது. இந்த மாநிலப் பிள்ளைக்கு மட்டும் என்று அதில் இல்லை. அதனால் பெரியவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: குடும்பங்கள் ரயிலை விட்டு இறங்கும் அந்த வாரமே சூளை வகுப்பு திறக்கட்டும். ஊர் திரும்பும்போது, இங்கே எதுவரை படித்தார்கள் என்று எழுதிய சான்றிதழ் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இருக்கட்டும். அதைக் காட்டினால் ஊர்ப் பள்ளி தயங்காமல் அடுத்த வகுப்பில் உட்கார வைக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்