உயிலில் உறவு தெளிவாக இருக்கட்டும்
உயிலில் சொத்து பெறுபவரை வெறும் உறவுமுறையால் மட்டும் குறிப்பிடும் வழக்கத்துக்குப் பத்திர எழுத்தர்களும் பதிவுத்துறையும் முடிவுகட்ட வேண்டும். ஸ்ரீரங்கத்துக் குடும்பங்களில் தாத்தா பெயர் தாங்கிய பேரன்கள் இரண்டு மூன்று பேர் இருப்பது சகஜம். உத்தர வீதி வீட்டை ‘என் தம்பி மகன் ரங்கராஜனுக்கு’ என்று எழுதிவைத்தால், கூடப்பிறந்த தம்பியின் மகனா, சித்தப்பா வழித் தம்பியின் மகனா என்ற கேள்வி எழுதியவர் கண்மூடிய பிறகே எழுகிறது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கதவை அடைத்துவிடவில்லை. பெயர் பிழையானாலும் ஆள் யாரென்று தெரிந்தால் உயில்கொடை செல்லும் என்கிறது 76ஆம் பிரிவு. ஒரே குறிப்பு இருவருக்குப் பொருந்தினால் வெளிச்சாட்சியத்தை ஏற்கிறது 80ஆம் பிரிவு. ஆனால் குழப்பம் உயிலின் வாசகத்திலேயே வெளிப்பட்டால் 81ஆம் பிரிவு சாட்சியத்தைத் தடுக்கிறது; பொருள் நிச்சயமற்ற கொடை 89ஆம் பிரிவில் விழுந்துவிடும். எழுதியவரின் குடும்பச் சூழலில் நின்றே நீதிமன்றங்கள் உயிலைப் படிக்க வேண்டும். அகராதிப் பொருளைப் பிடித்துக்கொண்டு கொடையை வீழ்த்துவது இறந்தவருக்கு இழைக்கும் அநீதி. ஆனால் திருச்சி நீதிமன்றத்தில் தொடங்கி மதுரைக் கிளை வரை பங்காளிகளை அலையவிடும் நிலையே வரக்கூடாது. பெறுபவரின் பெற்றோர் பெயர், பிறந்த ஆண்டு, முகவரி ஆகியவற்றைக் கேட்கும் மாதிரிப் படிவத்தைச் சார்பதிவாளர் அலுவலகங்கள்தோறும் வைக்க வேண்டும். உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால், வீட்டிலேயே எழுதுவோருக்கும் அது இலவசமாகக் கிடைக்க வேண்டும்.