வெறும் தராசும் விரையும் தோட்டாவும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

குன்னூரிலிருந்து உதகைக்கு மலை ரயிலில் வருவோர், வெலிங்டனைத் தாண்டியதும் அருவங்காடு நிலையத்தைக் காண்பார்கள். 1903ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை இருக்கும் ஊர் அது. இங்கிலாந்தில் ஆபெல், டீவார் என்னும் இரு அறிஞர்கள் 1889இல் உருவாக்கிய, புகை குறைந்த வெடிமருந்துதான் கார்டைட். நைட்ரோகிளிசரினும் வெடிப்பஞ்சும் சிறிது வாசலைனும் சேர்த்துப் பிசைந்து, கயிறு போல இழுத்துச் செய்யப்பட்டதால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. 2021 முதல் அத்தொழிற்சாலை முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் இயங்கி வருகிறது.

இத்தகைய மருந்து நல்லதா, கெட்டதா என்று எப்படி அறிவது? தோட்டாவுக்கு அது தரும் வேகத்தை அளப்பது ஒரு முக்கியமான வழி. முதல் தோட்டாவும் பத்தாவது தோட்டாவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகவேண்டும். ஆனால் அந்த வேகத்தை அளப்பது விளையாட்டல்ல. நம் நாட்டுக் காவலர்கள் நெடுங்காலம் தூக்கிச் சுமந்த .303 துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் 7ஆம் மாதிரித் தோட்டாவின் வேகம் வினாடிக்கு 2,440 அடி. அதாவது 744 மீட்டர். ஒரு மீட்டரைக் கடக்க அதற்கு ஆகும் நேரம், ஒரு வினாடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒன்றேகால் பங்குக்குச் சற்றே அதிகம். கண் இமைப்பதற்குள் எத்தனையோ மீட்டர்களைக் கடந்துவிடுகிற ஒன்றை எப்படிப் பிடித்து அளப்பது?

முதன்முதலில் இதற்கு நல்ல விடை கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். கனமான மரப்பலகையை ஊசலாகத் தொங்கவிட்டு அதன்மீது சுட்டார். பலகை எவ்வளவு தூரம் ஆடியது என்பதிலிருந்து, உந்தம் அழியாது என்ற விதியைக்கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். 1742இல் அவர் இதை நூலாக வெளியிட்டார். 1745இல் கணித மேதை ஆய்லரே அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவுரையும் எழுதினார். காற்றின் தடை மிகச் சிறியது என்று அதுவரை பலர் எண்ணியிருந்தனர். விரையும் குண்டின்மேல் அது குண்டின் எடையைப் போலப் பல மடங்கு என்று ராபின்ஸ் காட்டினார். நண்பர்களே, இவர் நமக்கு அந்நியர் அல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்து, 1751இல் நம் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் உயிர்விட்டவர்.

அடுத்த நூற்றாண்டில் பெல்ஜியப் படை அதிகாரி லெ புலாஞ்சே ஒரு குரோனோகிராஃப் செய்தார். தோட்டா முதல் கம்பியை அறுத்ததும் மின்காந்தத்திலிருந்து ஒரு நீண்ட தண்டு விழத் தொடங்கும். இரண்டாவது கம்பி அறுந்ததும் வேறொரு எடை விழுந்து ஒரு கத்தியை விடுவிக்கும். விழுந்துகொண்டிருக்கும் தண்டில் கத்தி ஒரு கீறலைப் பதிக்கும். தண்டு எவ்வளவு தூரம் விழுந்தது என்று தெரிந்தால், நாம் பள்ளியில் படித்த சூத்திரத்தைக்கொண்டே நேரம் தெரிந்துவிடும்.

இந்தக் கருவியில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. சுடுவதற்கு முன்னால், இரண்டு மின்சுற்றுகளையும் ஒரே கணத்தில் துண்டித்துப் பார்ப்பார்கள். அப்போதும் தண்டில் ஒரு கீறல் விழும்! அது தோட்டாவின் நேரம் அன்று. கருவி தானாக எடுத்துக்கொள்ளும் நேரம். அதை முதலில் கழித்தால்தான் உண்மை நேரம் கிடைக்கும்.

இதைப் படித்தபோது எனக்கு என் தாயாரின் நினைவு வந்தது. தேயிலைக் கொழுந்து பறிப்பவர். பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். சிறுவயதில் வீட்டில் நான் எதையோ எடைபோட முனைந்தபோது, “கண்ணு, வெறும் தராசு எங்கே நிக்குதுன்னு மொதல்ல பாரு. அதப் பாக்காம எதையும் மாட்டாதே” என்றார். நாள்தோறும் கொழுந்தை எடைக்கு வைப்பவருக்கு ஒரு முள்ளின் நகர்வுகூடக் கூலிக் கணக்கு. நாம் ‘பூச்சியப் பிழை’ என்று குறிப்பேட்டில் எழுதுவதும், லெ புலாஞ்சே செய்ததும் அம்மாவின் அந்தப் பேச்சுத்தான்.

கருவியைச் சரிபார்த்துவிட்டால் மட்டும் போதுமா? இடத்தையும் பார்க்கவேண்டும். ஐரோப்பாவில் புவியீர்ப்பு முடுக்கம் 9.81, நம் உதகையில் ஏறத்தாழ 9.78. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம்; உயரத்திலும் இருக்கிறோம். அங்கே 9.81 என்று வைத்து அளவு பொறித்த கருவியை அப்படியே இங்கே கொண்டுவந்தால், 744 மீட்டர் வேகத்தை அது சுமார் 745 என்று காட்டும். கருவியில் பழுதில்லை, சுட்டவரிடமும் பழுதில்லை. மலையை மறந்ததே பிழை.

இன்றைய கருவிகளில் தண்டும் இல்லை, கத்தியும் இல்லை. இரண்டு ஒளித்திரைகளைத் தோட்டாவின் நிழல் கடக்கிறது. மின்னணுக் கடிகாரம் நேரத்தைச் சொல்கிறது. ஆனாலும் பிழைகள் போய்விடவில்லை. திரைகளுக்கு இடையே 30 செ.மீ. என்று எண்ணிய தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால், வேகத்தில் இரண்டரை மீட்டர் தவறிவிடும். கருவியைத் துப்பாக்கிக்கு மிக அருகில் வைத்தால், வெடிப்பின் அதிர்வே அதை ஏமாற்றிவிடும். தள்ளி வைத்தாலோ, அதற்குள் காற்று வேகத்தைக் குறைத்திருக்கும். உதகையின் காற்று கடலோரக் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அடர்த்திதான் என்பதால், அந்தக் குறைவும் இங்கே ஒரு விதம், சென்னையில் ஒரு விதம். வான் வெளிச்சத்தை நம்பும் திரைகளுக்கு நம் ஊர் மூடுபனி ஒரு சோதனை. குழல்விளக்கின் துடிப்பு மற்றொன்று. காலைக் குளிரில் மருந்து மெதுவாக எரியும். ஆகவே ‘744’ என்ற எண் மட்டும் ஓர் அளவு ஆகாது. எத்தனை முறை சுட்டோம், எவ்வளவு தூரத்தில், எந்த வெப்பநிலையில், எவ்வளவு கூடக்குறைய என்பனவும் சேர்ந்தால்தான் அது அளவு.

இப்போது என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் தனி ஊசல் சோதனை செய்தேன். 9.68 வந்தது. புத்தகத்தில் 9.8 என்று இருந்தது. அலைவு நேரங்களைச் சற்றே திருத்தி 9.80 என்று எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. இந்த ஆண்டு ஒளித்திரைகளின் இடைத்தூரத்தைப் பற்றிப் படிக்கும்போதுதான் சட்டென்று விளங்கியது. நான் நூலின் நீளமான ஒரு மீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, குண்டின் ஆரமான ஒரு சென்டிமீட்டரைச் சேர்க்க மறந்திருந்தேன்! அதைச் சேர்த்தால் 9.68 என்பது 9.78 ஆகிறது. நம் மலையின் உண்மையான எண்ணே அதுதான். என் கையில் இருந்த உண்மையை நானே அழித்துவிட்டு, புத்தகத்தின் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.

“தேர்வில் விடைக்குத்தானே மதிப்பெண்? நேர்மைக்கு யார் போடுகிறார்கள்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். பட்டத்தை நம்பி வீடே காத்திருக்கும்போது, இரண்டு மதிப்பெண்ணை இழக்க எவருக்கும் துணிவு வராது. ஆனால் நாளை நம்மில் ஒருவர் வெடிமருந்தைச் சோதிக்கலாம். வேறொருவர் குடிநீரையோ இரத்தத்தையோ சோதிக்கலாம். அங்கே புத்தகத்தில் விடை இருக்காது. வருவதை வந்தபடி எழுதப் பழகாத கை, அங்கே மட்டும் எப்படி எழுதும்?

ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்குப் பணிவான ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு செய்முறைக் குறிப்பிலும் மூன்று செய்திகளுக்குத் தனியே மதிப்பெண் ஒதுக்குங்கள்: கருவியின் பூச்சியப் பிழை என்ன, அளந்த சூழ்நிலை என்ன, ஒன்றையும் அடிக்காமல் எழுதிய அளவுகள் எத்தனை. விடை விலகியிருந்தால், விலகியதன் காரணத்தைத் தேடியவருக்கு மதிப்பெண் கொடுங்கள். தோட்டா வேண்டாம், இரண்டு ஒளித்திரைகளும் மேலிருந்து விழும் ஓர் எஃகுக் குண்டும் போதும், இதே பாடத்தை நம் ஆய்வகத்திலேயே கற்கலாம்.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. விடை தவறிப் போனால் அழிப்பானைத் தேடாதீர்கள், பிழையைத் தேடுங்கள். எதையும் மாட்டுவதற்கு முன்னால் வெறும் தராசைப் பாருங்கள். என் தாயார் எனக்குச் சொன்னதைத்தான் நான் உங்களுக்குச் சொல்கிறேன்.