எது மேல், எது கீழ்?

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினொரு மணி. படுக்கப் போகிற நேரத்தில் அட்லாண்டாவிலிருந்து தங்கை மகன் வீடியோ காலில் வந்தான். அங்கே பட்டப்பகல். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. மடியில் ஒரு வாத்தியத்தைக் கிடத்திக்கொண்டு, "மாமா, இந்த லோகோ நேரா இருக்கா, கோணலா இருக்கா, பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

வாத்தியம் பாஞ்சோ. நம் ஊர்க் கச்சேரிக்காரர்கள் புல்புல்தாராவையும் பாஞ்சோ என்று சொல்வதுண்டு. இது அதுவல்ல, அமெரிக்காவின் அசல் பாஞ்சோ. சட்டி போன்ற ஒரு வட்டம், அதன் வாயில் இழுத்துக் கட்டிய தோல், தோலின்மேல் நிற்கும் சின்ன மரக்குதிரை, அதன்மேல் ஓடும் கம்பிகள். பாதி வீணை, பாதி மேளம். பழைய சாமான் கடையில் கிழிந்த தோலோடு வாங்கியிருக்கிறான். புதுத் தோலைத் தானே மாட்டுகிறேன் என்று உட்கார்ந்ததில் இரண்டு சாயங்காலம் போயிருக்கிறது. சுற்றிலும் 24 கொக்கிகள். ஒன்றை முடுக்கினால் அடுத்து அதற்கு நேர் எதிரே இருப்பதை முடுக்க வேண்டும், அதுவும் கால் சுற்றுக்கு மேல் கூடாது. அவசரப்பட்டு ஒரே பக்கமாக முடுக்கினால் தோல் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் தொங்கும். கட்டில் கயிறு இழுத்துக் கட்டிய பழக்கம் உள்ளவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டுக் கடைசியில் பார்த்தால், தோலில் அச்சடித்திருக்கும் கம்பெனி முத்திரை ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. நிமிர்த்த வேண்டுமென்றால் 24 கொக்கிகளையும் தளர்த்தி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அழாத குறை.

"மாப்ளே, வாசிக்கிறப்போ இப்படித்தான் மடியில படுக்கப் போட்டு வாசிப்பியா?" என்றேன். இல்லையென்று சொல்லிவிட்டு வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றான். பாஞ்சோவின் கழுத்து மேலே ஏறியது. கோணலாய்க் கிடந்த எழுத்து ஏறத்தாழ நிமிர்ந்து நின்றது. "மாமா! உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றான். காரியாபட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் தம்பியிடம் போன மாதம் படித்த பாடம் அது.

எதிர்வீட்டுப் பையன் அருப்புக்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து ஒரு கலைக்குழு. மதுரையில் இரண்டு ஃபைபர் தப்பு, அதாவது பறை, வாங்கி வந்தான். இரும்பு வளையம், அதன்மேல் பால் நிறத்தில் பிளாஸ்டிக் முகம், சுற்றிலும் நட்டு போல்ட்டு. சுருதி ஏற்ற நெருப்பு வேண்டாம், பையில் ஒரு ஸ்பேனர் இருந்தால் போதும். குழுவின் பெயரையும், 'நிகழ்ச்சிகளுக்கு' என்று போட்டுப் பத்து இலக்க செல் நம்பரையும் ஒட்ட வேண்டும் என்று ஸ்டிக்கர் கடைக்குப் போனான். வேலை இல்லாததால் நானும் கூடப் போனேன்.

முதல் தடவை நட்ட நடுவில் ஒட்டினார்கள். ஒரே ஒரு கோயில் பொங்கல்தான். வலது கையின் அடிக்குச்சி விழுகிற இடம் அதுதான் என்பதால் நம்பரில் நாலு இலக்கம் உதிர்ந்துவிட்டது. இரண்டாவது தடவை மேல் ஓரத்தில். இடது கையின் மூங்கில் சிண்டுக்குச்சி நீளவாக்கில் அறைகிற இடம் அது. அதுவும் போயிற்று. மூன்றாவது தடவைதான் கடைத் தம்பி சுதாரித்தான். இத்தனை நாளும் பைக்குக்கு நம்பர் பிளேட் ஒட்டிய கை. நம்பர் பிளேட்டுக்கு மேல் கீழ் என்று ஒன்று உண்டு. வட்டத்துக்கு ஏது? "இதுல எது தம்பி மேல, எது கீழ?" என்று கேட்டான். பையனுக்கும் தெரியவில்லை. "தோள்ல மாட்டி நில்லு, நாலு அடி அடி" என்றான். தப்பு மார்புக்கு நேராகத் தொங்குவதில்லை. இடது தோளிலிருந்து சரிந்து, கைக்குள் ஒடுங்கி, ஆட ஆட இன்னும் சரியும். அந்தச் சரிவைப் பார்த்து, குச்சி படாத கீழோரத்தில், வேண்டுமென்றே கோணலாக ஒட்டினான். தரையில் வைத்துப் பார்த்தால் குடிகாரன் ஒட்டியது போல் இருக்கும். ஆடுகிறவன் தோளில் ஏறிவிட்டால் நேர்.

ஒரு நஷ்டமும் உண்டு. தப்பு அடிக்கிறவர்கள் ஒரே இடத்தில் அடி விழுந்து முகம் தேய்ந்தால் வட்டத்தைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்துக்கொள்வார்கள். பெயர் ஒட்டியபின் அது முடியாது. திருப்பினால் செல் நம்பர் தலைகீழாகத் தொங்கும்.

பாஞ்சோவுக்கும் இந்த பிளாஸ்டிக் முகம் ரொம்பப் பிந்தித்தான் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட மக்கள், தங்கள் ஊரில் சுரைக்குடுக்கையில் ஆட்டுத்தோல் கட்டி மீட்டிய வாத்தியங்களின் நினைவில், போன இடத்தில் கிடைத்ததைக் கொண்டு செய்ததுதான் பாஞ்சோ. 1840களில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையில் கறுப்பர்களைக் கேலி செய்த ஆட்டங்களில் அதைக் கையில் எடுத்தார்கள். பிறகு தொழிற்சாலை வந்தது, முத்திரையும் வந்தது. சுரைக்குடுக்கையில் முதலில் தோல் கட்டியவர்கள் யாரென்று எந்த முத்திரையிலும் இல்லை.

தோல் மட்டும் கன்றுக்குட்டித் தோலாகவே நெடுநாள் நீடித்தது. ஈரக்காற்று பட்டால் தொய்யும், வெயில் பட்டால் விறைக்கும். 1957ல் ரெமோ பெல்லி என்ற டிரம்ஸ்காரர் கலிபோர்னியாவில் மைலார் என்னும் பாலியஸ்டர் தகட்டைக் கொண்டு வாத்திய முகம் செய்யும் கம்பெனி ஆரம்பித்தார். வெதர் கிங் என்று பெயர் வைத்து, ஒரு கிரீடத்தையும் அச்சிட்டார். மழைக்கும் வெயிலுக்கும் அடங்காத ராஜா என்று அர்த்தம். எங்கள் பையனின் ஃபைபர் தப்பும் அந்த ராஜாவின் தூரத்துச் சொந்தம்தான்.

முத்திரையின் மகிமைக்கு ஒரு கதை சொல்லியாக வேண்டும். 1963ல் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் லண்டனில் டிரம் சிட்டி என்ற கடையில் லட்விக் கம்பெனியின் டிரம்ஸ் வாங்கினார். கடைக்காரர் ஐவர் ஆர்பிட்டர், பெரிய டிரம்மின் முகத்தில் பீட்டில்ஸ் பெயரோடு கம்பெனியின் பெயரும் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். எழுதியது எடி ஸ்டோக்ஸ் என்ற போர்டு எழுதும் பெயிண்டர். கூலி 5 பவுண்டு என்பார்கள். அடுத்த பிப்ரவரி 9ஆம் தேதி அமெரிக்க டெலிவிஷனில் 7 கோடிக்கு மேற்பட்டவர்கள் அந்த முகத்தைப் பார்த்தார்கள். லட்விக் தொழிற்சாலை ராப்பகலாக ஓட வேண்டி வந்தது. ஐந்து பவுண்டுக்கு இப்படியொரு விளம்பரத்தைச் சிவகாசிக்காரர்கள்கூடப் பிடித்திருக்க மாட்டார்கள்.

சிவகாசியைச் சும்மா இழுக்கவில்லை. 1922ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த நாள்முதல், எங்கள் மாவட்டத்தில் மார்க்கு இல்லாமல் ஒரு பொருளும் வெளியே போனதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் கடையில் போய் அணில், சேவல் என்று படத்தைச் சொல்லிப் பட்டாசு கேட்பாள். சின்ன வயதில் தீப்பெட்டிப் படங்களைக் கிழித்து அடுக்கிச் சீட்டுபோல் ஆடித்தான் நாங்கள் வளர்ந்தோம். ஒரு தடவை உரசினால் செத்துப்போகும் குச்சிக்கு உறை, உறையில் படம், படத்தின் கீழே ஊர் பெயர்.

பத்து வருஷம் அடி வாங்கும் தப்புக்கு அப்படி எதுவும் கிடையாது.

மல்லாங்கிணறு சாலையில் ஒரு கிராமத்தில் தப்புக்குத் தோல் கட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். என் தாத்தா அவருடைய அப்பாவை 'வாடா' என்று கூப்பிட்டதையும், அவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு 'சாமி' என்று பதில் சொன்னதையும் நான் கேட்டிருக்கிறேன். இன்று நான் இவரை 'அண்ணே' என்கிறேன், இவர் என்னைத் 'தம்பி' என்கிறார். இந்த ஒரு மாற்றத்துக்கு இரண்டு தலைமுறை ஆகியிருக்கிறது, அதிலும் எங்கள் தெருப் பங்கு ரொம்பக் குறைவு.

அவர் வேலையை ஒருநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். சட்டம் வேப்பமரம். வளைவாக அறுத்த மூன்று துண்டுகள், மூட்டுக்கு மூட்டு இரும்புப் பட்டை. பழைய தோலைக் கிழித்தெடுத்து, ஒட்டியிருக்கும் பசையைச் சுரண்டுவதற்கே அரைநாள். மாட்டுத்தோலை ஊறவைத்து, மயிர் வழித்து, ஈரம் இருக்கும்போதே சட்டத்தின் மேல் விரிக்கிறார். புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசைதான் பிடிமானம். பின்பக்கம் வாரால் இழுக்கிறார், நட்சத்திரம்போல எதிரும் புதிருமாக. இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, நேர் எதிரே ஒரு இழுப்பு. அட்லாண்டாக்காரன் இரண்டு சாயங்காலம் திணறிக் கண்டுபிடித்த அதே சூத்திரம். பிறகு வெயில். கத்திரி வெயிலில் கட்டினால் சீக்கிரம் இறுகி வெடிக்குமாம், நிழலும் வெயிலுமாக மாற்றி மாற்றி வைக்கிறார். காய்ந்ததும் விரல் நகத்தால் ஒரு சுண்டு. காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த சட்டத்தை எடுக்கிறார்.

தோல் தப்பின் நாதம் ஃபைபரில் வராது என்று மேடையில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மைதான். அடிப்பதற்கு முன் தெருமுனையில் பனையோலையைக் கொளுத்தி, தப்பை அனலில் காட்டிக் காய்ச்சும்போது ஏறும் அந்தச் சத்தம் ஸ்பேனருக்கு வராது. ஃபைபர் டின்னைத் தட்டியதுபோல் கத்துகிறது. ஆனால் இதைச் சொல்கிறவர்களில் பலர் ஊறவைத்த தோலின் நாற்றத்துக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததில்லை. அந்த நாற்றத்தைச் சொல்லியே சிலரைத் தள்ளி வைத்தது இந்த ஊர். பிளாஸ்டிக் வந்தபின் எந்தத் தெருப் பையனும் கூச்சமில்லாமல் தப்பைத் தோளில் மாட்டுகிறான். எங்கள் எதிர்வீட்டுப் பையனும் அப்படித்தான். நாதம் குறைந்ததில் எனக்கு வருத்தம் உண்டு, அந்த வருத்தத்தை உரக்கச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

மிருதங்கத்திலும் இதே கதை. வாசித்தவர் பெயர் போஸ்டரில் இருக்கும், தோல் கட்டியவர் பெயர் எங்கும் இருக்காது. பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார் என்பது நம்மில் பலருக்கு டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகம் வந்தபிறகுதான் தெரியும். மாட்டுத்தோலையும் அதைத் தொடும் சாதிகளையும் பற்றிப் பேசிய அந்தப் புத்தகத்தின் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரி 2ஆம் தேதி சென்னை ஆசிய இதழியல் கல்லூரியில்தான் அது வெளியானது. தோல் மேடைக்கு வரலாம், தோலைப் பற்றிய பேச்சு வரக்கூடாது போலிருக்கிறது. ஐந்து வருஷம் கழித்து 2025ல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ அறிவித்தபோது, இந்தப் பெரியவர் வீட்டில் எல்லோருக்கும் டீ வந்தது. "நம்ம வாத்தியத்துக்கு டெல்லியில பேரு" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கேட்டேன். "அண்ணே, நீங்க கட்டுற தப்புல உங்க பேரை ஏன் போடுறதில்ல? நம்ம ஸ்டிக்கர் கடைத் தம்பிகிட்டச் சொன்னா அழகா அடிச்சுக் குடுப்பான்."

அவர் சிரித்துவிட்டுக் கையிலிருந்த தப்பின் முகத்தில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு, மறுகையால் சுண்டினார். 'டங்' என்று வரவேண்டியது 'டொப்' என்றது. "தோல்மேல என்னத்த ஒட்டுனாலும் அந்த இடம் செத்துப்போகும் தம்பி." கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே, "பேரு எதுக்கு? கிழிஞ்சா எங்கிட்டத்தான வரணும்" என்றார்.

வாசலில் எதிர்வீட்டுப் பையனின் ஃபைபர் தப்பு சாய்த்து வைத்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, நானும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அட்லாண்டா விஷயம் இன்னும் முடியவில்லை. நின்று வாசித்தால் முத்திரை நேர்தான் என்று நான் நிரூபித்துக் காட்டிய மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பாஞ்சோவின் முகம் துடைத்து வைத்த கும்பாபோல வெறிச்சென்று இருந்தது. கீழே ஒரு வரி: "உட்கார்ந்து வாசிச்சா மறுபடி சாயுது மாமா. ஏதோ ஒரு ஆயில் போட்டுத் தேய்ச்சு லோகோவையே அழிச்சிட்டேன்."