வெடிச் சத்தம் ஓய்ந்தும் ஓயாத பதற்றம்: கவுன்சலிங்கில் என்னதான் நடக்கும்?

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி... மழையை நம்ப முடியாத இந்தக் கரிசல் பூமியில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது தீப்பெட்டியும் பட்டாசும்தான். அந்தச் சோற்றோடு பயமும் சேர்ந்தே வருகிறது. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த விபத்திலும் பல உயிர்கள் போயின.

இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம், காயம்பட்டவருக்குச் சிகிச்சை. சரி, சின்னக் காயம்கூட இல்லாமல் தப்பியவர், கதவு படாரென்று சாத்தினாலே நடுங்குகிறார், சோறு இறங்கவில்லை என்றால்? ஊரில் இதை 'பயந்த கோளாறு' என்பார்கள். திருநீறு போட்டு, கயிறு கட்டுவார்கள். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் என்ன செய்வது?

எப்போது உதவி தேவை?

அதிர்ச்சிக்குப் பிறகு சில நாள் தூக்கம் கெடுவது, திடுக்கிடுவது எல்லாம் இயல்பு. பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறையும். ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி கண்முன் வந்து போனால், அந்தப் பக்கம் போகவே பயந்தால், வேலையும் வீடும் பாதித்தால், நிபுணரைப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆபத்து என்று மூளை நினைத்துவிட்டால் செரிமானம் மந்தமாகும், பசி அடங்கிப்போகும். சிலருக்கு நேர் எதிர்: பதற்றத்தை அடக்க அளவில்லாமல் சாப்பிட்டு, பிறகு குற்ற உணர்வில் வாந்தி எடுப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படும் 'ஸ்காஃப்' என்ற 5 கேள்விகள் உண்டு. வயிறு அளவுக்கு மீறி நிறைந்ததால் வாந்தி எடுக்கிறீர்களா? சாப்பிடும் அளவு கட்டுப்பாட்டில் இல்லை என்று கவலையா? 3 மாதத்தில் 6 கிலோவுக்கு மேல் குறைந்ததா? மற்றவர்கள் ஒல்லி என்றாலும் குண்டு என்று நம்புகிறீர்களா? சாப்பாட்டு நினைப்பே வாழ்க்கையை ஆள்கிறதா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் பரிசோதனை அவசியம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கம்பெனி வேனைப் பிடிக்கும் அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விடுவது, வீட்டில் இல்லாததால் பட்டினி கிடப்பது எல்லாம் மனநோய் அல்ல. இருந்தும் சாப்பிட முடியாமல் போவதுதான் வேறு கதை. நல்ல கவுன்சலர் முதலில் இதைத்தான் பிரித்துப் பார்ப்பார்.

மயக்கம், வேகமான எடைக் குறைவு, அடிக்கடி வாந்தி இருந்தால் முதலில் டாக்டர். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

அறைக்குள் என்ன நடக்கும்?

முதல் நாளே நடந்ததை எல்லாம் கொட்டச் சொல்ல மாட்டார்கள். தூக்கம், பசி, வீட்டு நிலைமை விசாரிப்பார்கள். மூச்சை நிதானப்படுத்தப் பழக்குவார்கள். சாப்பாட்டுக்கு நேரம் குறித்துக் கொடுப்பார்கள். பிறகு, பயந்து ஒதுக்கிய விஷயங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைப்பார்கள். அதிர்ச்சிக்கான இந்தச் சிகிச்சை வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகள். மாத்திரை எழுத மருத்துவரால் மட்டுமே முடியும்.

"ஊருக்குத் தெரிஞ்சிடுமே?"

பலரைத் தடுப்பது இந்தக் கேள்விதான். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டுமே விலக்கு. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்கிறது 21-வது பிரிவு.

கவுன்சலிங் மட்டும் போதுமா?

போதாது. 'ஆபத்து முடிந்துவிட்டது' என்று மனதுக்குப் புரிய வைப்பதுதான் அதிர்ச்சிச் சிகிச்சையின் அடிப்படை. மறுநாள் அதே மருந்துக் கலவை அறைக்குத் திரும்பும் தொழிலாளிக்கு ஆபத்து முடியவில்லை. அவருடைய பயம் நியாயமானது. பாதுகாப்பு விதிகளைக் கறாராக அமல்படுத்துவதும் மனநல சிகிச்சையின் பாதிதான்.

எங்கே போவது?

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவச ஆலோசனை உண்டு. பஸ் ஏற முடியாதவர்கள் 14416-க்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தபடி ஊரில் உள்ள அம்மாவிடம் போன் பேசுபவரா நீங்கள்? "சாப்பிட்டியாம்மா?" என்பதோடு "தூக்கம் வருதா?" என்றும் கேளுங்கள். அந்த நம்பரையும் அவர் போனில் சேமித்துக் கொடுங்கள்.