பல்லிளித்தது போதும், பல்லைக் காப்போம்!

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் பாட்டிமார் வாய்மொழி. அதனை வெறுங் கிழவிப் பேச்சென்று நகைப்போர் தொல்காப்பியத்துப் பிறப்பியலைப் புரட்டிப் பார்க்கட்டும். எழுத்துப் பிறத்தற்குரிய எட்டு இடங்களுள் பல்லையும் ஒன்றாக வைத்தெண்ணினார் தொல்காப்பியர். மேற்பல்லின் அடியை நாநுனி சென்று பொருந்தினாலன்றித் தகரமும் நகரமும் செவ்வனே பிறவா. பல்லிழந்தான் வாயில் 'தமிழ்' என்னும் சொல்லின் முதலெழுத்தே குழறும்! இத்துணை நுட்பமாகப் பல்லை அறிந்திருந்த இனத்தின் பிள்ளைகள் இன்று எந்நிலையில் உள்ளனர்?

அண்மையில் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவனைப் பாடம் படிக்கச் சொன்னேன். இரண்டு வரி படித்தான். கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டான். வாயைத் திறக்கச் செய்து பார்த்தேன். கீழ்க் கடைவாய்ப்பல் கருகிய ஓடாய்க் கிடந்தது. மறுநாள் அவன் தாயை வரவழைத்துக் கேட்டேன். "விழுந்து முளைக்கிற பல்லுதானேன்னு விட்டுட்டோம் ஐயா" என்றார் அவ்வம்மையார்.

அஃது விழுந்து முளைக்கும் பல்லன்று! பாற்பற்கள் இருபது. அவற்றின் வரிசைக்குப் பின்னே, ஏறத்தாழ ஆறாம் அகவையில், எந்தப் பல்லும் விழாமலே அமைதியாக முளைப்பது முதல் நிலைக் கடைவாய்ப்பல். அது வந்ததே வீட்டார்க்குத் தெரிவதில்லை. வாழ்நாள் முழுதும் உணவரைக்க வந்த அப்பல்லைப் பாற்பல்லென்றெண்ணிப் பன்னிரண்டு அகவைக்குள் புதைத்துவிடுகிறோம். பாற்பல்லாயினும் அழுகவிடலாகாது, நோயும் நோவும் அதற்கும் உண்டு.

அப்பல்லைக் கெடுத்தவர் யார்? வாயில் வாழும் நுண்ணுயிரிகள் நாம் உண்ணும் இனிப்பைத் தின்று காடிநீரைக் கக்குகின்றன. அக்காடிநீர் பல்லின் மேலுறையாகிய பற்சிப்பியைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதனை மாற்றிச் சீர்செய்ய அரைமணி நேரமளவு வேண்டும். அதற்குள் மறுபடியும் ஓர் இன்கட்டி, மறுபடியும் ஓர் ஈரட்டி! எனவே, எவ்வளவு தின்றோம் என்பதோடு எத்தனை முறை தின்றோம் என்பதும் பல்லின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. மாந்தன் பெறும் உணவாற்றலில் சேர்ப்பினிப்பின் பங்கு 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கவேண்டுமென உலக நலவாழ்வு நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. அதனைக் கடைத்தெருவிற் கேட்பார் யார்? பள்ளி வாயிலிலேயே பளபளக்கும் பொட்டணங்கள் தொங்குகின்றன!

குற்றம் வணிகர்மேல் மட்டுமா? திருக்குறளைப் பிழையின்றி ஒப்பித்த பிள்ளைகட்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் இன்கட்டி வழங்கியவன் இவ்வாசிரியனே! நாவுக்குத் தமிழைத் தந்து பல்லுக்கு நஞ்சைத் தந்தேன். இப்பொழுது கரிக்கோல் தருகிறேன். வெல்லமும் தேனும் நம் நாட்டுப் பொருள்களாயிற்றே என்று எவரும் ஆறுதல் கொள்ளவேண்டா. பனங்கற்கண்டென்றால் நுண்ணுயிரி இனம் பார்த்து விலகிப் போகாது!

இன்னொரு வீண்பெருமையையும் ஈண்டு உடைத்தாக வேண்டும். ஆலையும் வேலையும் பல்லுக்கு உறுதியென்ற பழமொழியை மேடைதோறும் முழங்குகிறோம். அவ்வேல் வேம்பன்று, வேலமரம் என்பதையேனும் அறிந்தோமா? குச்சியை நன்றாக மென்று, ஈறு கிழியாமல் துலக்கினால் அழுக்கு நீங்கும் என்பது மெய்யே. ஆனால் கடைவாய்ப்பல்லின் உட்புறத்தே அஃது எளிதிற் சென்றெட்டாது. செங்கற்றூளும் கொரகொரப்பான உமிக்கரியும் பற்சிப்பியையே தேய்த்துவிடும். முன்னோர் செய்தனர் என்பதற்காக அதனையும் போற்றவேண்டுமோ? உப்பையும் கரியையும் காட்டி நம்மைப் பட்டிக்காட்டார் என எள்ளிய விளம்பர உலகமோ, இன்று அவற்றையே பற்பசையில் அடைத்து விற்கிறது. நாமும் பல்லிளித்து வாங்குகிறோம். அன்று அவர் சொல்லக் கேட்டு வெட்கினோம். இன்று அவர் சொல்லக் கேட்டுப் பெருமைப்படுகிறோம். தன்னறிவு எங்கே போயிற்று?

பற்பசையில் நாடவேண்டியது நுரையுமன்று, மணமுமன்று. புளோரைடு என்னும் உப்புப்பொருளே. அளவோடிருந்தால் அது பற்சிப்பியை வலுப்படுத்தும். ஆனால் குடிநீரில் ஓர் இலிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் வளரும் பிள்ளைகளின் பல்லைக் கறைப்படுத்தும். தகடூர் எனும் தருமபுரிப் பகுதி மக்கள் நிலத்தடி நீரால் நெடுங்காலம் பட்ட துன்பம் அது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதனாலேயே.

ஆகவே, தமிழ்ப் பெற்றோரே! காலையில் துலக்கினால் மட்டும் போதாது. உறங்குமுன் துலக்குவதே இன்றியமையாதது. உறக்கத்தில் உமிழ்நீர்க் காவல் குறைந்துவிடும். இரண்டு மணித்துளி, மென்மையான துலக்கியால், பல்லும் ஈறும் கூடுமிடத்தில் அழுத்தாமல் துலக்குக. மூன்றகவைக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவு பசை. ஆறகவை வரை பட்டாணியளவு. பசையைத் துப்பியபின் வாயை மிகுதியாகக் கொப்பளித்து அதன் பயனைக் கழுவிவிடாதீர். துலக்கியபின் குழந்தைக்கு இனிப்பிட்ட பால் தராதீர். மூன்று நான்கு திங்களுக்கொருமுறை துலக்கியை மாற்றுக.

வெற்றிலைச் செல்லம் வைத்திருக்கும் பெரியோர்க்கும் ஒரு சொல். உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வகம் 2004-இல் புகையிலை கலவாத பாக்கையும் புற்றுநோய் தரும் பொருளென வகுத்துவிட்டது. மரபென்று சொல்லி மாளவேண்டா!

அம்மாணவனின் பல்லை மருத்துவர் பிடுங்கிவிட்டார். அவ்விடத்தில் இனி ஒன்றும் முளைக்காது. வீட்டில் ஆறகவைப் பிள்ளை உண்டா? இன்றிரவே விளக்கருகே நிறுத்தி வாயைத் திறந்து பாருங்கள். புதிதாய் முளைத்த அக்கடைவாய்ப்பல் அங்கே நிற்கும். அதனைக் காப்பது உங்கள் கையில்!