விஞ்ஞானத் திண்ணை: பழைய கேசட்டுக்குள் உறங்கும் சித்திரங்கள்

சாலைக் கடைவீதியில் வாணிபம் புரியும் நமது சங்கத்து அன்பர் ஒருவர் இப்பகுதிக்குக் கடிதம் எழுதியுள்ளார். தொண்ணூறுகளில் வாங்கிய டிவி கேம் பெட்டி ஒன்று பழுதாகிப் பரணில் கிடக்கிறதாம். உடன் இரண்டு கேசட்டுகள். அவற்றைப் பழைய சாமான்காரரிடம் போடவிருந்த வேளையில் அவருடைய புதல்வி தடுத்து, மாரியோவின் உருவத்தைத் தலையணை உறையில் குறுக்குத் தையலாகத் தைக்க வேண்டும் என்றாளாம். கணினியில் தேடினால் அகப்படும் படங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாக இருக்கின்றன. கேசட்டிலிருந்தே அசல் சித்திரத்தையும் அசல் வர்ணத்தையும் எடுக்க இயலுமா என்பது அவர் வினா.

சித்திரத்தை எடுக்கலாம். வர்ணத்தைப் பற்றித்தான் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் டிவி கேம் என்று வழங்கியவற்றிற் பெரும்பாலானவை, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் சாதனத்தின் நகல்கள். அதற்கென 1985இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழு ஆட்டமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. இன்று கைப்பேசியில் அனுப்பும் ஒரு புகைப்படம் அதனினும் பன்மடங்கு பெரிது! இந்த 40இல் 32 கிலோபைட் நிரலுக்கு. எஞ்சிய எட்டே சித்திரங்களுக்கு.

அந்த எட்டுக் கிலோபைட்டில் 512 சிறு கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டமும் எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுப் புள்ளி. அதற்கு 16 பைட். முதல் எட்டுப் பைட் ஓர் அடுக்கு, அடுத்த எட்டுப் பைட் இன்னோர் அடுக்கு. புள்ளிக் கோலம் போட்ட இரண்டு மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதாகக் கருதிக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி எந்தத் தாளிலும் இல்லையெனில் 0. முதல் தாளில் மட்டும் இருந்தால் 1. இரண்டாவதில் மட்டும் இருந்தால் 2. இரண்டிலும் இருந்தால் 3. அசையும் பாத்திரங்களில் 0 என்பது வெற்றிடம். பின்னாலிருப்பது அதன் வழியே தெரியும். ஆகவே மிஞ்சுவன மூன்றே நிறங்கள். மாரியோவுக்குத் தொப்பி வைத்ததே தலைமயிரை வரையும் தொல்லையைத் தவிர்க்கத்தான் என்று அவரைப் படைத்த ஷிகெரு மியாமோட்டோ கூறியிருக்கிறார்.

கேசட்டைக் கணினியில் வாசிக்கத் தனிக் கருவிகள் விற்கின்றன. ஃபேமிகாம் கேசட்டில் 60 தொடுமுனைகள். அமெரிக்க வகையில் 72. எண்ணிப் பார்த்த பிறகே வாங்குக. வாயால் ஊதும் பழைய வழக்கத்தை அறவே விடவேண்டும். எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்தால் போதும். வாசித்த கோப்பில் முதல் 16 பைட் தலைப்பு, பிறகு நிரல், இறுதியிற் சித்திரம். எனவே மாரியோ கோப்பில் 32,784 பைட்டைக் கடந்தால் சித்திரங்கள் தொடங்கும். 'ஒய்ஒய்-சிஎச்ஆர்' என்னும் மென்பொருள் அவற்றை வரிசையாகக் காட்டிவிடும். உருவங்கள் துண்டு துண்டாகத்தான் கிடக்கும். சிறிய மாரியோவுக்கு நான்கு கட்டங்களை ஒட்டவேண்டும். கூம்பா என்னும் காளான் பூதம் நடப்பதாகத் தெரிவதோ, ஒரே படத்தை இடவலமாக மாற்றி மாற்றிக் காட்டும் தந்திரம்.

எல்லா ஆட்டங்களும் இவ்வளவு எளிதாக இடங்கொடா. 1987இல் வந்த 'மெகா மேன்' கேசட்டில் சித்திரத்துக்கெனத் தனிச் சில்லே இல்லை. நிரலோடு கலந்து கிடக்கும் படங்கள் ஆட்டம் ஓடும்போதுதான் நினைவகத்துக்கு வருகின்றன. அத்தகையவற்றை எமுலேட்டரில் ஓடவிட்டு, நடுவே நிறுத்திப் பார்க்கவேண்டும்.

இனி வர்ணம். மென்பொருளில் மாரியோ சாம்பல் நிறமாகவோ தாறுமாறான நிறத்திலோ தோன்றினால் திகைக்கவேண்டாம். கட்டத்தில் நிறமே இல்லை. 1, 2, 3 என்னும் எண்களே உள்ளன. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதை நிரல் தனியே கூறுகிறது. இதனாலேயே ஒரே சித்திரம் பச்சை பூசினால் புதராகவும் வெள்ளை பூசினால் மேகமாகவும் ஆகிறது. தம்பி லூயிஜியும் வேறு நிறம் பூண்ட மாரியோவே.

அந்த நிறமும் 64 எண்கள் கொண்ட பட்டியலில் ஓர் எண்தான். ரயில்வேயில் டி.வி.சி. என்றால் திருவனந்தபுரம் சென்ட்ரல். அம்மூன்று எழுத்துக்குள் தம்பானூரின் இரைச்சல் இல்லை அல்லவா? அதுபோலவே, இவ்வெண்ணுக்குள் சிவப்பு இத்தனை, நீலம் இத்தனை என்ற அளவு கிடையாது. பெட்டி அதை நேரே தொலைக்காட்சி அலையாக மாற்றி அனுப்பியது. நிறத்தை முடிவு செய்தது தொலைக்காட்சி. அமெரிக்காவில் என்டிஎஸ்சி முறை, நம் நாட்டில் பால் முறை. போதாக்குறைக்கு வீட்டுக்கு வீடு திருகிவைத்த நிறக் குமிழ். ஆகையால் அன்பர் கண்ட படங்களில் எது அசல் என்று தீர்ப்பளிக்க வழியில்லை. செகாவின் மெகா டிரைவில் (1988) இக்குழப்பம் இல்லை. அதில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் எட்டு நிலை. ஆக 512 நிறங்கள். கோப்பில் இருப்பதே நிறம்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறைப்படி பெற்ற சொந்தப் பிரதியிலிருந்து வணிக நோக்கமின்றிச் சொந்த உபயோகத்துக்குக் கணினி நிரலைப் படியெடுக்க இடந்தருகிறது. நம்மில் பலர் வாங்கிய '999999 ஆட்டங்கள்' கேசட்டுகள் முறைப்படி வந்தவை அல்ல. அவற்றுக்கு அச்சலுகை பொருந்தாதென்றே எனக்குத் தோன்றுகிறது. சிறுமி தன் தலையணைக்குத் தைப்பது ஒன்று. அப்பாவின் கடையில் தொங்கவிட்டு விற்பது முற்றிலும் வேறு.

தையலுக்கு என் யோசனை இது. எமுலேட்டர்களில் கிடைக்கும் நிறப்பட்டியல்களில், அப்பாவின் நினைவிலுள்ள பழைய டிவிக்கு அருகில் வருவதைத் தேர்ந்து, கடைசிவரை அதையே பின்பற்றுக. படத்தைப் பெரிதாக்கும்போது முழு மடங்காகவே பெரிதாக்குக. விளிம்பை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுக. பதினாறுக்குப் பதினாறு, மொத்தம் 256 சதுரம். நூல் மூன்று நிறம். 0 வரும் இடங்களில் ஊசி படவேண்டியதில்லை. துணி அப்படியே தெரியட்டும்.