தொழில் நிலையங்களின் குறிக்கோள் வாசகம்

'மிஷன்' என்னும் சொல் நம் கல்லூரி மாணவர்க்குப் புதியதன்று. நாம் பயிலும் இடத்தையே ஊரார் மிஷன் கல்லூரி என்றன்றோ அழைக்கின்றனர்? 'அனுப்புதல்' எனப் பொருள்படும் லத்தீன் மொழிச் சொல்லினின்று பிறந்த இச்சொல், ஒரு பணியின் பொருட்டு வீட்டையும் நாட்டையும் விட்டு அனுப்பப்பட்டவரது தொண்டினைக் குறிக்க முன்னாளில் வழங்கிற்று. அனுப்பப்பட்டவன் ஒருவன் உளனாயின், அவனை அனுப்பியவர் ஒருவர் உளர். எவரிடம் அனுப்பப்பட்டானோ அவரும் உளர். இவ்விருவரையும் மறந்து தன் பெருமையையே பேசித் திரிவானாயின் அவன் தூதன் ஆகான்.

இப்பழஞ்சொல் இந்நாளில் வியாபார உலகிலும் புகுந்துவிட்டது. சிறியதும் பெரியதுமாகிய கம்பெனிகள் யாவும் தத்தம் நோக்கத்தை இரண்டொரு வரியில் எழுதி, 'மிஷன் ஸ்டேட்மெண்ட்' எனப் பெயரிட்டு வாயிலில் மாட்டி வைக்கின்றன. அதனை நாம் குறிக்கோள் வாசகம் என்று கூறுவோம். எத்தகைய வாசகம் மக்களுள்ளத்தைத் தூண்டி நற்பணியில் ஏவும்? எத்தகையது வெறும் சுவரலங்காரமாய் ஒழியும்? நம்முடன் பயில்வோரிற் பலர் நாளை இத்தொழில் நிலையங்களிற் புக இருப்பவர். சிலர் காலப்போக்கில் அவற்றை நடத்துவோராகவும் ஆவர். ஆதலின் இவ்வாராய்ச்சி நமக்கு வீண் வேலையன்று.

சென்ற விடுமுறையில் நாம் நண்பர் இருவரோடு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சிறு பட்டறைக்குச் சென்றிருந்தோம். முன்னறையில் கண்ணாடிச் சட்டத்துள் ஆங்கிலத்தில் அழகிய எழுத்துக்கள் பொலிந்தன. உலகத்தரம், முதன்மை, சிறப்பு, புதுமை முதலிய பெருஞ்சொற்கள் அனைத்தும் அதில் இருந்தன. உள்ளே லேத்து ஓட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை அணுகி, "ஐயா, முன்னறையில் மாட்டியிருக்கிறதே, அதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று வினவினோம். அவர் நகைத்து, "ஆடிட்டர் வரும்போது ஒப்பிப்பதற்காகத் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள், தம்பி. மனப்பாடமாய்ச் சொல்லுவேன், அர்த்தம் மட்டும் கேட்காதீர்கள்" என்றார். பின்பு தம் கையிலிருந்த இரும்புத் துண்டைக் காட்டி, "இது பிரேக்கிலே போய்ச் சேருகிறது. பஸ்ஸிலே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகிறார்கள். அதனால் கேஜ் வைத்துப் பார்க்காமல் ஒன்றையும் பெட்டியில் போட மாட்டேன்" என்றார். சற்று நேரம் வாளாவிருந்து, தாழ்ந்த குரலில், "மாதக் கடைசியில் எண்ணிக்கை குறைந்தால் அளவு தவறியதையும் சேர்த்துப் போடு என்பார்கள். அப்பொழுது அந்தக் கண்ணாடிச் சட்டம் எனக்காக வந்து பேசாது, தம்பி" என்று முடித்தார்.

அம்முதியவர் கூறிய இறுதி மொழி நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. குறிக்கோள் வாசகத்தை அளந்தறிவதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் வேறொன்றைப் பின்னர்ப் படித்த எந்நூலிலும் நாம் கண்டிலோம். கடைநிலையில் நிற்கும் தொழிலாளிக்காக, மேலதிகாரியின் முன்னிலையில், அவ்வாசகம் பேசுமா? பேசுமாயின் அது உயிருள்ள வாசகம். பேசாதாயின் எத்துணை அழகிய நடையில் எழுதப்பட்டிருப்பினும் அது செத்த எழுத்தே.

பட்டறைதோறும் இச்சட்டங்கள் தொங்குவதற்குக் காரணம் உண்டு. 1960-களில் அரசாங்கத்தார் அமைத்த இத்தொழிற்பேட்டையின் பட்டறைகளிற் பல, பெரிய மோட்டார் கம்பெனிகளுக்கு உறுப்புக்கள் செய்து கொடுப்பவை. அக்கம்பெனிகள் ஐ.எஸ்.ஓ. 9001 என்னும் சர்வதேச நியமத்தின்படி நற்சான்று பெற்றோரிடமே பெரும்பாலும் சரக்கு வாங்கும். அந்நியமமோ, தரத்தைப் பற்றிய கொள்கை ஒன்று எழுதப்பட வேண்டும் என்பதோடு நில்லாது, வேலை செய்வோர் அதனை உணர்ந்து கைக்கொள்ளவும் வேண்டும் என்று விதிக்கின்றது. விதி நல்லதே. ஆயின், உணர்த்துவது அரிது, ஒப்பிக்கச் செய்வது எளிது. எளியதைச் செய்து அரியதைச் செய்ததாகக் கணக்கெழுதுவது மனித இயல்பு.

இது சிறு பட்டறைகளுக்கே உரிய குறை என்று எவரும் எண்ணவேண்டா. அமெரிக்காவில் என்ரான் என்றொரு மாபெருங் கம்பெனி இருந்தது. மதிப்பு, நேர்மை, கருத்துப் பரிமாற்றம், மேன்மை என்னும் நான்கும் தன் கொள்கைகள் என்று அது பறைசாற்றி வந்தது. பொய்க்கணக்குகள் வெளிப்பட்டு 2001-ஆம் ஆண்டு டிசம்பரில் அது திவாலாயிற்று. பல்லாயிரவர் வேலையையும், முதுமைக்கென்று சேமித்த பொருளையும் ஒருங்கே இழந்தனர். 'நேர்மை' என்னும் சொல்லை எழுதி வைத்தமையால் நேர்மை வந்து குடியேறிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, உயிருள்ள வாசகத்தின் இலக்கணம் யாதெனக் காண்போம். அதற்கு மூன்று அடையாளங்கள் உள என்பது நம் கருத்து.

முதலாவது, அது தன்னைப் பற்றிப் பேசாமல் பிறரது குறையைப் பற்றிப் பேசும். இதற்கு உதாரணம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில், நூம்பலில், 2017-ஆம் ஆண்டு முதல் அரவிந்த் கண் மருத்துவமனை நடைபெற்று வருகின்றது. அதன் தாய் மருத்துவமனையை 1976-ல் மதுரையில் நிறுவியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. வாதநோயால் விரல்கள் முடங்கிய நிலையிலும் கண் அறுவையிற் கைதேர்ந்த அப்பெரியார், அரசாங்க உத்தியோகத்தினின்று 58-ஆம் வயதில் ஓய்வு பெற்ற பின்பு, 11 படுக்கைகளோடு அதனைத் தொடங்கினார். தவிர்க்கத்தக்க பார்வையிழப்பை ஒழித்தல் என்பதே அந்நிலையத்தின் குறிக்கோள். நாட்டிலேயே பெரிய மருத்துவமனையாவோம் என்று அதில் இல்லை. முதலிடம் பெறுவோம் என்றும் இல்லை. யார் பொருட்டு நாம் அனுப்பப்பட்டோம் என்பது மட்டுமே இருக்கிறது.

'தவிர்க்கத்தக்க' என்னும் அடைமொழியின் ஆற்றலை நேயர்கள் நோக்க வேண்டும். பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்க்கான அரசாங்கப் பள்ளியும் உண்டு. எல்லாப் பார்வையின்மையையும் மருத்துவம் நீக்கிவிடாது. நீக்க முடியாதபோது கல்வியும் தொழிலும் மதிப்பும் அளிப்பதே கடமையாகும். ஆனால், கண்புரையால் ஒளியிழந்த ஒருவர் சிறியதோர் அறுவையாற் பார்வை பெறக்கூடியவராயிருந்தும் இருளில் கிடப்பாராயின், அது விதியன்று, நம் பிழை. அவ்வொரு சொல், செய்ய முடியாததைச் செய்வோமென்று வீம்பு பேசாமல் தடுக்கின்றது. செய்யக்கூடியதைச் செய்யாமைக்குச் சாக்குச் சொல்லவும் இடங்கொடாது நிற்கின்றது.

இரண்டாவது அடையாளம், அவ்வாசகம் அன்றாட வேலையாக மாறவல்லதாய் இருத்தல். இலவசமாக அறுவை செய்வோம் என்று அறிவித்தாற் போதுமென்று தொடக்கத்தில் எவரும் எண்ணக்கூடும். ஆயின், கிராமத்து ஏழைக்குப் பஸ் கட்டணம், தங்குமிடம், உணவு, உடன் வருவார் துணை ஆகியவை இல்லாவிடின் இலவச அறுவையும் எட்டாக் கனியே என்பதை அரவிந்த் நிலையத்தார் அநுபவத்தாற் கண்டனர். ஆகவே ஊர்தோறும் முகாம் நடத்தி, வேண்டியவர்களை வண்டியில் ஏற்றிவந்து, உணவளித்து, மீண்டும் ஊரிற் கொண்டுபோய் விடுவதும் மருத்துவப் பணியாயிற்று. கிராமத்துப் பெண்கள் பயிற்சி பெற்றுக் கண் பரிசோதனையிலும் அறுவைக்கு ஆயத்தஞ் செய்வதிலும் தேர்ந்தனர். ஒரு நோயாளிக்கு அறுவை முடியும் முன்பே அடுத்த மேஜையில் மற்றொருவர் ஆயத்தமாயிருப்பார். இதனால் மருத்துவரின் நேரம் சிறிதும் வீணாவதில்லை. கண்ணுள் வைக்கும் லென்ஸ் அயல்நாட்டினின்று வருங்கால் ஏழைக்கு எட்டா விலையாயிருந்தது. ஆதலின் 1992-ல் அரோலேப் என்னும் தொழிற்சாலை மதுரையில் தோன்றி, அதன் விலையைப் பன்மடங்கு தாழ்த்திற்று. வண்டியோட்டுபவர் முதல் லென்ஸ் செய்பவர் ஈறாக, தம் வேலை எவ்வாறு அக்குறிக்கோளிற் சென்று சேர்கின்றது என்பதை ஒவ்வொருவரும் கூற இயலும். 'உலகத்தரம்' என்னும் சொல்லைக் கொண்டு ஒரு வண்டியோட்டி நாளைக் காலையில் என் செய்வார்?

மூன்றாவது அடையாளமே தலையாயது. அவ்வாசகம் நிறுவனத்தாரை முதலிற் கட்டுப்படுத்த வேண்டும். நஷ்டம் நேரிடும் நாளிலும் கட்டுப்படுத்த வேண்டும். முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்து தேசத்து டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியாரும் கூடி, 1949-ல் தொடங்கிய சைக்கிள் கம்பெனி அம்பத்தூரின் பழைய தொழில் நிலையங்களுள் ஒன்று. நம்மோடு கொடுக்கல் வாங்கல் செய்பவர் எவரும் நஷ்டமடையலாகாது, அப்பொழுது நமக்கும் நஷ்டம் வாராது என்னும் கருத்தை, அர்த்தசாஸ்திரத்தின் துணிபாக எடுத்துக்காட்டி, அக்குழுமத்தார் தம் கொள்கையாகக் கொண்டுள்ளனர். வாணிகஞ் செய்வோர் பிறர் பொருளையும் தம் பொருள் போலவே பேணல் வேண்டும் என்று வள்ளுவனாரும் நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதியிற் கூறியிருத்தல் நினைக்கத்தக்கது. இத்தகைய கொள்கையின் சிறப்பு யாதெனின், அது எவரும் எடுத்து அளக்கக்கூடிய கோலாயிருத்தலே. சரக்குக் கொடுத்துவிட்டுப் பணத்திற்காக மாதக்கணக்கிற் காத்திருக்கும் சிறு பட்டறைக்காரரும், கூலி குறைந்த ஒப்பந்தத் தொழிலாளியும், "ஐயா, தங்கள் வாசகப்படி நாம் நஷ்டமடையலாமோ?" என்று அத்தகைய கம்பெனி எதனையும் கேட்டல் கூடும். அவ்வாறு கேட்க இடங்கொடுப்பதே வாசகத்தின் பெருமை.

நஷ்ட நாளில் வாசகம் எவ்வாறு பேசும் என்பதற்கு அயல்நாட்டு உதாரணம் ஒன்று கூறுவோம். அமெரிக்காவின் ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியார் 1943-ல் தம் கொள்கையை எழுதிவைத்தனர். தம் மருந்தைப் பயன்படுத்துவோர்க்கே முதற் கடமை, அடுத்து வேலை செய்வோர்க்கு, பின்பு ஊர்ச் சமுதாயத்திற்கு, பங்குதாரர்க்குக் கடைசியில் என்பது அதன் முறை. 1982-ல் சிகாகோ நகர்ப் பகுதியில் அக்கம்பெனியின் டைலினால் மாத்திரைகளில் எவனோ ஒரு கொடியவன் நஞ்சு கலந்தமையால் எழுவர் மாண்டனர். குற்றம் தொழிற்சாலையினதன்று. எனினும் நாடு முழுவதும் கடைகளிலும் வீடுகளிலும் இருந்த சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைக் கம்பெனியார் திரும்பப் பெற்றனர். 10 கோடி டாலருக்கு மேற்பட்ட சரக்கு அது. எவர் முதல், எவர் கடைசி என்று முன்னமே எழுதி வைத்திருந்தமையால் அன்று வழி தெரிந்தது. ஆயின் அதே கம்பெனி பிற்காலத்தில் தன் குழந்தைப் பவுடர் பற்றி ஆயிரக்கணக்கான வழக்குகளுக்கு உள்ளாயிற்று என்பதையும் மறைத்தல் முறையன்று. ஒரு நாள் காத்த வாசகம் எந்நாளும் தானே காத்துவிடாது. தலைமுறைதோறும் அதனைப் புதிதாய்க் காப்பாற்ற வேண்டும்.

இங்கே சிலர் தடை எழுப்புவர். "கம்பெனி என்பது இலாபத்திற்காக ஏற்பட்டது. அதனை ஒளித்துத் தொண்டு என்று பேசுவது பாசாங்கு அன்றோ?" என்பர். இலாபம் வேண்டாமென்று நாம் கூறினோமில்லை. எண்ணெயின்றி விளக்கு எரியாது. ஆயினும் எண்ணெயைச் சேர்த்து வைப்பதற்காக எவரும் விளக்கு வாங்குவதில்லை. அரவிந்த் மருத்துவமனையும் பொருளுடையாரிடம் கட்டணம் பெற்றே இல்லாதார்க்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் பணி செய்கின்றது. இலாபமே நோக்கமென்று துணிவுடன் எழுதிவைக்கும் கம்பெனியைக் கூட நாம் ஓரளவு மதிப்போம். அது பொய் கூறவில்லை. உள்ளே இலாபத்தை மட்டும் கருதி, வெளியே தொண்டினை எழுதித் தொங்கவிடுவதே இகழத்தக்கது. அப்பொய்யை நாள்தோறும் கண்டு வேலைக்குச் செல்லும் தொழிலாளி நாளடைவில் எல்லா நற்சொற்களிலும் நம்பிக்கை இழந்துவிடுகிறான். அந்நஷ்டம் எந்த வரவுசெலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஆகவே, நாளை தொழில் நிலையங்களிற் புக இருக்கும் நண்பர்காள்! வேலைக்கு விண்ணப்பஞ் செய்யும்போது சுவரில் உள்ள வாசகத்தைப் படியுங்கள். படித்தபின் உள்ளே சென்று, கடைநிலையில் உள்ள ஒருவரிடம் அதன் பொருள் யாதென்று கேளுங்கள். இதனைக் காப்பதற்காக இக்கம்பெனி எந்நாளிலேனும் எதனையேனும் இழந்ததுண்டா என்றும் கேளுங்கள். அவரது விடையே உண்மையான வாசகம். உங்களுள் ஒருவர் பிற்காலத்தில் அத்தகைய வாசகத்தை எழுதும் பொறுப்பைப் பெறுவீராயின், ஆங்கில அகராதியை நாடுவதற்கு முன் பட்டறைக்குட் செல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஏறும் பஸ்ஸை நினைத்துத் துண்டு துண்டாய்க் கேஜ் வைத்துப் பார்க்கும் முதியவர் ஒருவர் அங்கு இருப்பார். அவர் சொல்லும் சொற்களையே அவர் மொழியில் எழுதி, அதன் கீழே, அளவு தவறியதைப் பெட்டியிற் போட மறுப்பவர்க்கு எவரும் தீங்கு செய்யலாகாது என்று உங்கள் கையொப்பமிடுங்கள்.

அக்கையொப்பம் உள்ள வாசகமே மிஷன் என்னும் பழம்பெயரைத் தாங்கத் தகுதியுடையது என்பது நம் துணிபு.